கவிழ்த்துப் பார்க்கிறவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோய்விடவில்லை, இனி மறக்கவும் வழியில்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய சீனப் பீங்கான் அத்தனையையும் தூக்கிக் கொடுத்தபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. எங்கேயும் என் பெயர் வரக்கூடாது. அந்த ஒன்றைக்கூட இந்த ஊரால் காப்பாற்றித் தர முடியவில்லை. நானாவது காப்பாற்றுகிறேன்.

அக்கா என்றே சொல்கிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். முதல் நாள் தெரியாத்தனமாக "ஆன்ட்டி" என்று வாயைத் திறந்துவிட்டேன். அறுபதைத் தாண்டிய மனுஷி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்டின்னா யாருங்க? உங்கப்பாகூடப் பொறந்தவளா, உங்க மாமனைக் கட்டுனவளா? ரெண்டுக்கும் நடுவால ஒரு சொல்லு எதுக்கு? அக்கான்னு கூப்புடு. இல்லாட்டி பேசாம இரு."

கோபம் வந்தாலும் அவர் வாயிலிருந்து 'ங்க' போகாது. எங்கள் ஊர்க்காரர்கள் 'ங்க' போட்டுப் போட்டே உண்மையைப் பஞ்சில் சுற்றி வைத்துவிடுவார்கள். அக்கா அதே 'ங்க'வை வைத்துக்கொண்டு ஆளை உடைப்பார். "இது போலிங்க." அவ்வளவுதான். இந்த இரண்டு சொல்லில் அவிநாசி ரோட்டில் எத்தனை பெரிய வீடுகளின் வரவேற்பறைகள் கறுத்துப் போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

அவரை நினைத்தால் முதலில் வருவது கைதான். எந்தத் தட்டையும் கிண்ணத்தையும் கண்ட மாத்திரத்தில் அந்தக் கை கவிழ்த்துவிடும். ஓட்டலில் காப்பியைக் குடித்து முடித்ததும் கப் தலைகீழாகும். மிச்சம் இருந்த நுரை மேசையில் வடியும். துடைக்க வருகிறவர் முறைப்பார். ஒரு சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். அக்கா கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, ஜப்பான் சரக்கு" என்றார் என் காதில். காதில் என்றுதான் அவர் நினைத்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"மூஞ்சிக்கு யாரு வேணாலும் பவுடர் பூசலாம், அம்மணி. அடிக்கு எவனும் பூசறதில்ல. அங்கதான் குட்டு தெரியும்."

அடியில் என்ன தெரியும்? சூளையில் நின்ற இடத்தில் மெருகு ஏறாத ஒரு வட்டம் இருக்கும். மண் என்ன நிறம் என்று அங்கே தெரியும். மெருகு முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் மெல்லிய துருக்கோடு ஒன்று ஓடும். நூற்றாண்டுக் கணக்கில் எடுத்து எடுத்து வைத்ததால் வந்த தேய்மானம் கோணல்மாணலாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியது ஒரே திசையில் கோடு போட்டிருக்கும். சில அடிகளில் இன்ன ராஜா காலத்தில் செய்தது என்று சீன எழுத்தில் முத்திரை இருக்கும். எல்லோரும் பாய்வது அதன்மேல்தான். அக்கா நம்பாதது அதை மட்டும்தான்.

"எழுத்தை விடு. எழுதறதுக்கென்ன, எவன் வேணா எவன் பேரையும் எழுதலாம்."

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது அந்த எழுத்தால்தான். வரலாறு எம்.ஏ. முடித்த சூடு. பழைய பொருள்களைப் பற்றி வீடியோ போட்டுக்கொண்டு, பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு திரிந்த நாள்கள். உக்கடத்தில் பழைய சாமான் கடையொன்றில் நீலப்பூப் போட்ட ஜாடி ஒன்றைக் கண்டுபிடித்து, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, துடியலூரில் இருந்த அவருடைய தோட்டத்து வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். அடியில் ராஜ முத்திரை இருக்கிறது, இணையத்தில் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா வாங்கினார். கவிழ்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இது போலிங்க. குடை சொருகி வெச்சுக்கோங்க."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும், நீங்கள் ஏமாந்ததே இல்லையா என்று கத்தியேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போனார். மற்றவர்கள் சாமி படம் மாட்டி விளக்கேற்றும் இடத்தில், தனி மாடத்தில், ரோஜா நிறப் பூ வரைந்த சாடி ஒன்று நின்றது.

"இதா, என்னை ஏமாத்துனது. ஹாங்காங்குல. தெனமும் காத்தால இத்தப் பாத்துட்டுத்தான் மத்ததைத் தொடறது. திமிரு வரக்கூடாதுல்ல?"

தாராபுரத்துப் பக்கம் பண்ணையக்காரக் குடும்பத்தில் பிறந்து, கோவையில் நூற்பாலை வைத்திருந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். கல்லூரியில் வேதியியல் படித்தவர். கணவர் இயந்திரம் வாங்க சிங்கப்பூர், ஹாங்காங் என்று போகும்போது கூடப் போவார். அவர் பேரம் பேசும் நேரமெல்லாம் இவர் அருங்காட்சியகத்திலும் பழம்பொருள் கடையிலும் உட்கார்ந்திருப்பார். அப்படித் தொடங்கியது. கணவர் இருந்தவரை இதற்கு வைத்த பெயர் "எவனோ தின்ன தட்டு". சொல்லும்போது அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பின் அடியைக் கவிழ்த்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எல்லாச் சமயத்திலும் அவரை எனக்குப் பிடித்தது என்று சொன்னால் அது பூசினது. ஒருநாள் ஒரு அம்மா வந்திருந்தார். புருஷன் செத்து, மகளுக்கு வரன் பார்க்கிற நிலைமை. துணியில் சுற்றிய தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். மாமியார் காலத்தில் இருந்து அதைக் கழுவிப் பூட்டி வைத்ததைச் சொல்லச் சொல்ல அவர் குரலே மாறிக்கொண்டு வந்தது. அக்கா கவிழ்த்தார்.

"இது சீனாவே இல்லீங்க. இங்கிலாந்துல அச்சடிச்சது. படம் சேர்ற எடத்துல ஒட்டு தெரியுது பாருங்க."

அந்த அம்மா தட்டைத் திரும்பத் துணியில் சுற்றிய விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் போன பிறகு அக்காவிடம் சண்டைக்குப் போனேன். ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்லியிருக்கலாமே, பழசுதான், அழகாக இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று.

"நான் மெதுவாச் சொல்லியிருந்தா அந்தம்மா நெஜமுன்னு நெனச்சு கடை கடையா ஏறி எறங்கும். ஒவ்வொருத்தனும் சிரிப்பான். எங்கிட்ட ஒருக்கா அசிங்கப்பட்டாச் சரியாப் போச்சு."

"நீங்க சொன்னதுதான் ரொம்ப அசிங்கம்."

"அப்புடியே இருக்கட்டும். போயி மோர் எடுத்துட்டு வா. தொண்டை வறண்டுபோச்சு."

இரண்டு வாரம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வீடு கோட்டைமேட்டில். அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, உக்கடத்தில் இரும்புச் சாமான் கடை. எங்கள் வீட்டில் ஒரு பெரிய பீங்கான் தட்டு உண்டு. சஹன் என்போம். கல்யாணத்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறோமே, அந்தச் சஹன். இப்போதெல்லாம் அதற்கு அலுமினியத் தட்டுதான். இந்த ஒன்று மட்டும் மாப்பிள்ளை உட்காரும் சஹனுக்கு. தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இரவல் போகும், திரும்பி வரும். அத்தாவின் பாட்டனாருக்கு இதைக் கொடுத்தது பர்மா ராஜா என்பது எங்கள் குடும்பத்தின் கதை. அந்த ராஜா எதற்குக் கொடுத்தார் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

அக்கா கவிழ்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் அக்கா விரலால் அடி வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "மணலு ஒட்டியிருக்குது" என்றார். "சூளையில மணலைக் கொட்டி அதுமேல அடுக்கிச் சுட்டிருக்கறாங்க. சொரண்டி எடுக்கக்கூட நேரமில்ல. கப்பலு கெளம்பறதுக்குள்ள முடிக்கோணும். நானூறு வருசத்து அவசரமுங்க இது." பிறகு அத்தாவை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா ராஜா குடுத்ததெல்லாம் பொய்யிங்க. இது கடைச் சரக்கு. உங்க பாட்டனாரு ரங்கூன்ல கடைத்தெருவுல பழசா வாங்கியிருப்பாரு."

அத்தா வாய்விட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சுங்கம்மா. ராஜா குடுத்ததுன்னா பயந்து பயந்து சாப்பிடோணும். கடைச் சரக்குன்னா நம்ம சரக்கு."

அந்தத் தட்டின் அடியில் ஒரு பெயர் இருந்தது. உளியால் கொத்தினது, புள்ளி புள்ளியாக, அரபு எழுத்தில் தமிழ்ப் பெயர். அத்தாவின் பாட்டனார் பெயர். அத்தா எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். அக்கா அந்தப் புள்ளிகளைக் கன்னத்தைத் தொடுவது மாதிரி தொட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பேர் போடறது உங்களுக்குப் பிடிக்காதே அக்கா?"

கோயில் ட்யூப்லைட்டில் உபயம் என்று இரண்டு பக்கமும் பெயர் எழுதி வெளிச்சமே வராமல் செய்கிறவர்களை அவர் திட்டாத நாள் கிடையாது. "லைட்டு குடுத்தவனுக்கு வெளிச்சம் வேணாம், பேருதான் வேணும்" என்பார்.

"இது வேற, அம்மணி. இது பெருமைக்குக் கொத்துனதில்ல. இரவல் போன தட்டு ஊடு வந்து சேரோணும்னு கொத்துனது. கல்யாண ஊட்டுல நூறு தட்டு கலந்து கெடக்கும். கழுவறவங்க கவுத்துப் பாத்துட்டு, இது இன்னார் ஊட்டுதுன்னு எடுத்து வெப்பாங்க. தட்டுக்கு வழி சொல்ற பேரு இது. மத்ததெல்லாம் தட்டுமேல ஏறி உக்காந்துக்கற பேரு."

அன்று மதியம் அம்மா அந்தத் தட்டிலேயே சோற்றைக் கொட்ட, அக்காவும் நாங்களும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். கறி இருந்த பக்கம் என்னிடம் வரும்படி அம்மா தட்டைத் திருப்பி வைக்க, அக்கா காய்கறி போட்ட பக்கத்தில் தன் பங்கைச் சாப்பிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியதில் போய்ச் சாப்பிடுகிறோமே என்று நான் இழுத்தேன். "தட்டு பின்ன எதுக்குக் கண்ணு?" என்றார்.

இனி எழுதப்போவதை நிதானமாக எழுதவேண்டும் என்று மூன்று முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. நிதானமில்லாமலே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தி. தாராபுரத்தில் அக்காவின் சொந்தக்காரர் வீடு. என்னையும் கூட்டிப் போயிருந்தார். பாயசம் வந்தது. அக்காவுக்குச் சர்க்கரை நோய். இலையின்மேல் கையை விரித்து மறைத்து, "வேணாமுங்க" என்றார். பரிமாறியவர் "அட, கூச்சப்படாதீங்கம்மா" என்று புறங்கையின்மேலேயே ஊற்றினார். சுடச்சுட. அக்கா எழுந்து நின்று, "வேணாம்னா வேணாம்னு அர்த்தமுங்க" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறியவரும் சிரித்துக்கொண்டே, "அம்மா நல்லாத் தமாசு பண்றாங்க" என்று அடுத்த இலைக்குப் போனார். சிவந்த கையைக் குழாயடியில் பிடித்தபடி அக்கா சொன்னார்:

"இந்தச் சீமையில வேணாம்ங்கற சொல்லை எவனும் நம்பறதில்ல. வேணாம்னா, இன்னும் ரெண்டு கரண்டி வெய்யின்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. இதுக்குப் பேரு உபசாரமாமா."

எங்கள் ஊரைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அப்போது நானும் சிரித்தேன்.

அவர் மகன்கள் பீங்கானைப் பங்கு போடலாம் என்று ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மருமகள், நட்சத்திர ஓட்டல்களுக்கு அலங்காரம் செய்கிறவரை வீட்டுக்கே அழைத்து வந்து அளவெடுக்க வைத்தாராம். "பங்கு போட இதென்ன தோட்டமா?" என்று அக்கா ஒரே வாரத்தில் முடிவெடுத்தார். மதுக்கரைப் பக்கம் கல்லூரிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளை, புதிதாக அருங்காட்சியகக் கட்டடம் எழுப்பியிருந்தது. அதன் தாளாளர் துடியலூருக்கே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கூப்பிய கையைப் பிரிக்காமலே பேச்சு. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எல்லாமே எடுத்துக்குங்க. ஒரு நிபந்தனைதான். என்ர பேரு எங்கயும் வரக்கூடாதுங்க. கல்லுல, பலகையில, பேப்பருல, எங்கயும்."

"என்னங்கம்மா இப்படிச் சொல்றீங்க? இத்தனை பெரிய தர்மம்..."

"தர்மமெல்லாம் இல்லீங்க. இதைப் பண்ணுன ஆளுங்க பேரே யாருக்கும் தெரியாது. சூளையில வெந்து செத்தவங்க. அவங்க பேரில்லாத எடத்துல என்ர பேரு எதுக்குங்க? அப்பறம், முடிஞ்சா ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு முகம் பாக்கற கண்ணாடி வெய்யுங்க. படிக்கற புள்ளைங்க அடியைப் பாக்கோணும்."

"உத்தரவுங்கம்மா" என்றார் தாளாளர். உத்தரவு என்றுதான் சொன்னார். என் காதால் கேட்டேன்.

விஷயம் கேள்விப்பட்ட அத்தா, திறப்பு விழா மாதம் மட்டும் எங்கள் சஹனும் அங்கே இருக்கட்டும் என்றார். இரவலாக. அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வைக்கோல் பரப்பிய பெட்டியில் தானே கையால் வைத்து அனுப்பினார். அனுப்பும்போதும் ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துக்கொண்டார்.

திறப்பு விழா ஒரு காலை நேரம். நாதஸ்வரம், சந்தனம், கல்கண்டு. உள்ளே போனதும் அக்கா கண்ணில் பட்டது கண்ணாடிகள்தான். ஒவ்வொரு தட்டும் கிண்ணமும் கம்பித் தாங்கியில் உயர்ந்து நிற்க, அடியில் கண்ணாடி, சின்ன விளக்கோடு. "பரவால்லியே அம்மணி, சொன்னதைச் செஞ்சுபோட்டாங்களே" என்று என் தோளை அழுத்தினார். குழந்தை மாதிரி வேகமாக முதல் பெட்டிக்குப் போய்க் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

நானும் குனிந்தேன். கண்ணாடியில் ஏதோ தலைகீழாகத் தெரிந்தது. வலமிருந்து இடமாகக் கூட்டிப் படித்தேன். அக்காவின் பெயர். முதலெழுத்தோடு, ஊரோடு. எவர்சில்வர் குடத்தில் வெட்டுவோமே, அதே மாதிரி எழுத்து. பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வேறு. முந்நூறு வருடம், நானூறு வருடம் ஒரு கீறல் படாமல் வந்த மெருகின்மேல்.

அக்கா அடுத்த பெட்டிக்குப் போனார். அங்கேயும். அடுத்ததிலும். ஒன்றையும் விடவில்லை, எல்லாக் கண்ணாடியிலும் குனிந்து பார்த்தார். கூட்டம் அவர் பின்னால் நகர்ந்தது, ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு. தாளாளர் முகம் பூரித்திருந்தது.

"எப்படிங்கம்மா? பாத்திரக் கடையில பேர் வெட்டறவரை மிஷினோட கூட்டியாந்து, பக்கத்துலயே உக்காந்து வெட்ட வெச்சனுங்க. உபயம்னு சேத்து வெட்டத்தான் ஆசை. சின்னக் கிண்ணத்துல எடம் பத்தல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும்னு பேரும் ஊரும் மட்டும் வெட்டிப்போட்டோம்."

"வேணாம்னு சொன்னனுங்களே."

"அது உங்க பெருந்தன்மைங்க. நீங்க வேணாம்னு சொல்லலாம். அதுக்காக நாங்க உட்டுட்டா நல்லா இருக்குமுங்களா?"

புறங்கையில் பாயசம். இதே பாயசம்தான்.

வஞ்சகம் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த மனிதர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. மரியாதை செய்துவிட்ட நிறைவு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றுவரை வைக்க இடம் தெரியவில்லை. ஒரு மனுஷி ஒரு வேண்டாம் சொல்கிறாள். ஒன்றே ஒன்று. அதை அவள் வாயிலிருந்து பிடுங்கி, கூச்சம் என்று பெயர் வைத்து, பூப் போட்டு, அவள் தலையிலேயே சூட்டிவிடுகிறார்கள். சுற்றி நின்ற அத்தனை பேரும் கைதட்டுகிறார்கள்.

கடைசிப் பெட்டியில் எங்கள் சஹன். அக்கா குனிந்தார், என்னைக் கையால் தடுத்தார், பார்க்காதே என்பது மாதிரி. நான் பார்த்தேன். மணல் ஒட்டியிருந்த வட்டம் வழுவழுவென்று இருந்தது. புள்ளிகள் இல்லை. அத்தாவின் பாட்டனார் இல்லை. அங்கேயும் அக்காவின் பெயர், ஊர், பூ.

விழா முடியும் முன்பே நான் அந்தப் பேர் வெட்டுகிறவரைத் தேடிப் பிடித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். கத்தினேன். அவர் பயந்துபோய் எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி. யாரோ கத்துக்குட்டி புள்ளி புள்ளியாக் கொத்திக் கெடுத்து வெச்சிருந்தாங்க. மணலும் பொருக்குமா இருந்துச்சு. சுத்தமாத் தேச்சுட்டுத்தான் வெட்டினேன். அதுக்குத் தனியாக் கூலிகூட வாங்கலீங்க" என்றார். அவரை நான் என்ன செய்ய?

அக்கா மேடை ஏறவில்லை. சால்வையோடு வந்தவர்களிடம், "வேணாமுங்க" என்றார். போர்த்திவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. "வெரசாக் கெளம்பி வா. உங்க சஹனை எடுக்கோணும்."

மற்றதையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"அது குடுத்தது. குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது எங்கூட்டுப் பழக்கமில்ல. இது குடுக்கல. இரவல்."

அருங்காட்சியகத்தில் பொறுப்பாளர் என்று ஓர் இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை. கணினியில் தட்டிப் பார்த்தார். "மேடம், இதுவும் உங்க டொனேஷன்லதானுங்களே ஏறியிருக்குது. அடியில உங்க பேருதான் இருக்குதுங்க. தாளாளர் ஐயா ஊருல இல்ல. அவரு வராம எடுக்க முடியாதுங்க."

"என்ர பேருதான் இருக்குதா?"

"ஆமாங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"உங்க பேரேதானுங்க."

கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து அக்கா திரும்பினார். "ஏனுங்க, கல்யாண ஊட்டுல பாத்திரமெல்லாம் கழுவி வெச்ச பொறவு, அடியில பேரு வெட்டுன தட்டு ஒண்ணு கெடந்தா என்ன பண்ணுவீங்க?"

அந்தப் பெண் துடைப்பதை நிறுத்தினார். எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் பொறுப்பாளரைப் பார்த்தார். "பேருக்காரங்க வந்தா குடுத்துருவமுங்க. வேறென்ன பண்றது?"

"பேருக்காரி வந்திருக்கறேன்" என்றார் அக்கா. கண்ணாடிக் கதவைத் தானே திறந்தார், தட்டை எடுத்தார், முந்தானையில் அணைத்துக்கொண்டு நடந்தார். பொறுப்பாளர் "மேடம், மேடம்" என்று பின்னால் வந்தார். வாசல் காவல்காரர் எழுந்து கதவை அகலத் திறந்துவிட்டார். அவருக்கும் ஊர்ப் பழக்கம் தெரியும்.

கார் நேராகக் கோட்டைமேட்டுக்கு வந்தது. வீட்டுக்குள் வந்ததும் தட்டை அத்தா முன்னால் கவிழ்த்து வைத்தார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்திராத மனுஷி. வாயைத் திறந்தார், 'ங்க'கூட வரவில்லை.

அத்தா வெகு நேரம் அந்த இடத்தைத் தடவினார், புள்ளிகள் இருந்த இடத்தை. பிறகு சொன்னார்: "இனிமே இரவல் போனா, தட்டு உங்க ஊட்டுக்குத்தான் வந்து சேருமுங்கம்மா."

"வந்தா நானே கொண்டாந்து குடுத்தர்றேன்" என்றார் அக்கா. அப்போதுதான் அழுதார். அழுதாரா, கோபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு இரண்டும் ஒரே முகம்தான்.

போன ஐப்பசி மழையில் அக்கா போய்விட்டார். மேட்டுப்பாளையம் ரோடு நெடுக அறக்கட்டளை ஃப்ளெக்ஸ் வைத்தது. கண்ணீர் அஞ்சலி. 'பீங்கான் வள்ளல்' என்று போட்டு, அதன்கீழ் ஆள் உயரத்துக்கு அவர் பெயர். நான் ஸ்கூட்டியை நிறுத்தி, ஒன்றையாவது கிழித்துவிடலாம் என்று இறங்கினேன். கை எட்டவில்லை. அவ்வளவு உயரத்தில் கட்டியிருந்தார்கள், மரியாதையாக.

சஹன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. போன மாதம் என் மாமா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அதன்முன் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். இப்போதெல்லாம் எங்கே எந்தத் தட்டைக் கண்டாலும் என் கை தானாகக் கவிழ்த்துவிடுகிறது. அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறாள். அந்த ஒரு தட்டை மட்டும் நான் கவிழ்ப்பதில்லை. பந்தி முடிந்ததும் நானே அதை நிமிர்த்தியபடி கழுவி, நிமிர்த்தியபடி துடைத்து, நிமிர்த்தியபடி வைக்கிறேன். வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.